வெல்டாவின் வெள்ளைப் பட்டை

என் நாத்தனார் வெல்டாவுக்குப் பொறாமை உண்டு என்பது குறைத்துச் சொல்வதாகும். அவளை நடமாட வைத்ததே அதுதான். காட்டுப் பூங்கா வாசலில் காபிக்கடை வைத்திருக்கும் நான் தினமும் அதைக் கேட்டுக்கொண்டேதான் அவளுக்குக் காபி ஊற்றினேன்.

எங்கள் பென்சில்வேனியா காட்டுக்குள் ஒரு நீண்ட நடைவழி போகிறது. தெற்கே ஜார்ஜியாவில் குளிர் விடும்போது கிளம்புகிறவர்கள் எங்களைத் தாண்டி வடக்கே மெயின் மாநிலம் வரை நடப்பார்கள். அதில் எங்கள் ஊர்ப் பங்குக்கு வரும் வழியைப் பார்த்துக்கொண்டவள் வெல்டா. சம்பளம் கிடையாது. விழுந்த மரத்தை அறுப்பாள், மழைநீர் வடியக் கால்வாய் வெட்டுவாள், மரத்துக்கு மரம் வழிகாட்டும் வெள்ளைப் பட்டை தீட்டுவாள். அந்தப் பட்டையை நம்பித்தான் நடக்கிறார்கள். ஒரு பட்டையைக்கூட விட்டுவிட்டுக் குறுக்கே போகமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

நடப்பவர்களுக்கு வழிப்பெயர் இருக்கும். தனக்குத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் வைக்க வேண்டும். 'ஈர சாக்ஸ்' என்று ஒருவன் வருவான், 'பாதி ரொட்டி' என்று ஒருத்தி வருவாள். வழியோரத்து ஆட்களையும் பிடித்துப்போனால் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் வெல்டாவுக்கு ஒருவரும் வைக்கவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அது பெயரே இல்லை.

அப்போதுதான் ஆர்டிஸ் வந்து சேர்ந்தாள். நகரத்தில் பல் டாக்டரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வழி தார்ச்சாலையைக் கடக்கிற இடத்தில் வீடு வாங்கினாள். வாசலில் மேசை போட்டு, நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் பேன்கேக் சுட்டுப் போட்டாள். முதல் வாரமே அவள் 'பேன்கேக் அம்மா' ஆகிவிட்டாள்.

“நான் முதுகொடிய மரம் அறுக்குறேன். இவ நோகாம நொங்கு திங்கிறா அண்ணி,” என்று வெல்டா கோப்பையை வைத்த வேகத்தில் என் கல்லாப்பெட்டி மேலெல்லாம் காபி தெறித்தது. மாவு கலக்குவதும் வேலைதானே என்று சொல்லித் தொலைத்தேன். அப்புறம் ஒரு வாரம் கடைப்பக்கமே அவள் வரவில்லை.

கோடை தொடக்கத்துப் புயலில் ஆர்டிஸ் வீட்டுக்குச் சற்று மேலே வழியின் குறுக்கே ஒரு ஓக் மரம் சாய்ந்தது. வேறு சமயமென்றால் வெல்டா அதைக் காலையிலேயே அறுத்துத் தள்ளியிருப்பாள். இந்த முறை வழியையே திருப்பினாள். பழைய பட்டைகள்மேல் பழுப்புச் சாயம் அடித்து மறைத்தாள். திரும்புகிற இடத்து மரத்தில், வழக்கப்படி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை. அங்கிருந்து சரிவில் இறங்கி, ஆர்டிஸ் வீட்டுக்கு வெகுதூரம் கீழே சாலையைத் தொடும்படி புதுப் பட்டைகள். சரிவின் அடியில் சதுப்பு இருப்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தன் மூக்கு அறுபட்டாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஆர்டிஸின் மேசை காலியாகக் கிடந்தது. வெல்டா என் கடையில் உட்கார்ந்து இரண்டு துண்டு ஆப்பிள் பை தின்றாள், பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

அதற்கப்புறம் முழங்கால்வரை சேற்றோடு ஆட்கள் சாலையில் ஏறி வரத் தொடங்கினார்கள். வர்ஜீனியாவிலிருந்தே பேன்கேக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள், விடுவார்களா? ஆர்டிஸ் குழாயைப் பிடித்து அவர்கள் காலைக் கழுவினாள், காய்ந்த சாக்ஸ் கொடுத்தாள், இரண்டு மடங்கு சுட்டுப் போட்டாள். அவளைத் தெய்வம் என்று ஒருவன் என் கடையில் சொன்னபோது வெல்டாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

புகார் போனது. வழிச் சங்கத்து எமில் ஸ்னைடர் சனிக்கிழமை வந்து, வெல்டாவை ஆர்டிஸ் வாசலுக்கே கூப்பிட்டார். கேட்காமல் பட்டையை மாற்றினால் தூரிகையைப் பிடுங்கிவிடுவார்கள், பங்கு வழி வேறு ஆளுக்குப் போய்விடும். நானும் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். சேற்றுக் காலோடு ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யார் மாற்றியது என்று எமில் கேட்டார். வெல்டாவின் சட்டைக் கையில் பழுப்புச் சாயம் இருந்ததை ஆர்டிஸ் பார்த்துவிட்டாள்.

“நான்தாங்க எமில் கேட்டுக்கிட்டேன்,” என்றாள் ஆர்டிஸ். “மரம் விழுந்து கெடக்கு, யாருக்காவது அடிபட்டுடும், வழியை மாத்திடுன்னு இவளைக் கெஞ்சினேன். தப்பு என்னோடது.”

எமில் தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். தாடிக்காரன் ஒருவன்தான் ஆர்டிஸின் தோளைத் தட்டி, இந்த மனசு யாருக்கு வரும் என்றான். வெல்டா விருட்டென்று எழுந்தாள்.

“பொய். இவ ஒண்ணும் கேக்கல. நான்தான் மாத்தினேன். இவ வாசலை ஒருத்தரும் மிதிக்கக் கூடாதுன்னு மாத்தினேன். அந்தச் சேறு என்னோடது.”

மனசாட்சி உறுத்தியது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாதா அவளை? தான் செய்த குற்றத்தைக்கூட ஆர்டிஸ் தட்டிக்கொண்டு போவதைப் பார்க்க வயிறு எரிந்தது, வேறொன்றுமில்லை.

முழங்கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், “சேத்து ராணி,” என்றாள். மேசையே சிரித்தது. எமில் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினார். வெல்டா பின்பாக்கெட்டிலிருந்து தூரிகையை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது வேறொருவன் தீட்டுகிறான். பட்டை கோணலாம், வெல்டா தினமும் சொல்கிறாள். தெற்கிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என் கடைக்குள் நுழைந்ததும் சேற்று ராணி யார் என்று கேட்கிறார்கள். மூலையிலிருந்து ஒரு கை உயரும். கைகுலுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் போனதும் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்துவாள்.

“அவளை முதல்ல கேட்டாங்களா, என்னையா அண்ணி?”

உன்னைத்தான் என்று சொல்லிவிடுவேன். கல்லாப்பெட்டியை இப்போதுதான் துடைத்திருக்கிறேன்.