உப்புத் தண்ணீரும் ஒரு கையெழுத்தும்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். சோதனைக்குழாய் கழுவுகிறவனுக்கு அது கௌரவமான பெயர். ஆராய்ச்சிப் பட்டம் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்ற வெறியில் ஜியோலைட் படிகம் செய்ய ஆரம்பித்தேன். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும் படிகம் அது.

ஓட்டை அலுமினியச் சட்டியைச் சுரண்டி காஸ்டிக் சோடாவில் கரைத்தேன். சோடியம் சிலிகேட்டைச் சேர்த்ததும் கூழானது. கூழை இரும்புக் குழாயில் அடைத்து, மூடியை இறுக்கி, பக்கத்து வீட்டு முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லர் மேல் வைத்தேன். கல்லூரியில் சூடேற்ற அனுமதி இல்லை; ஸ்பிரிட் வீணாகுமாம். மறுநாள் வெள்ளைப் பொடி கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொடிப்பொடியாகக் கனசதுரங்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஜியோலைட்தான் என்று உறுதி செய்ய மெட்ராசுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். உறுதி செய்துகொண்டு வந்தால் போடுகிறேன் என்றார் அவர். பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் இப்படிப் பேச வரும். அவரிடம் என் பருப்பு வேகவில்லை. அதனால் நிஜப் பருப்பையே வேகவைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் சுண்ணாம்பு மிகுந்து பருப்பு வேகாத தண்ணீருக்கும் வாயில் கரிக்கும் தண்ணீருக்கும் உப்புத் தண்ணி என்று ஒரே பெயர். முதலாளி வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு குணமும் உண்டு. அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். பொடியைக் கலக்கித் தெளியவைத்த கிணற்றுத் தண்ணீரில் அக்கா துவரம் பருப்பைப் போட, அரை மணியில் குழைந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் தலைவரை முதலாளி வீட்டு விருந்துக்கு அழைத்துப்போனேன்.

பிரியாணியை ஒரு கை பார்த்தார். அந்தப் பருப்பில் செய்த தால்ச்சாவையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு என் தண்ணீரில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"கரிக்குதேய்யா. உப்பே போகலையே. என்னத்தப் பிடிச்சுச்சு ஒன் படிகம்?"

சுண்ணாம்பு வேறு, உப்பு வேறு. வருஷாவருஷம் முதலாண்டு மாணவர்களுக்கு இவரே நடத்தும் பாடம். நாக்கில் பட்டதும் அவருக்குள் இருந்த பேராசிரியர் போய்த் திண்டுக்கல்காரர் வந்துவிட்டார். எடுத்துச் சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேசினால் கையெழுத்துப் போய்விடுமே என்று பயந்து, "ஆமாங்க சார், கரிக்கத்தான் செய்யுது" என்றேன். சொன்னதுமே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

"அப்ப எதுக்கு எக்ஸ்ரே?" என்று சொல்லிவிட்டு, கைகழுவ எழுந்து போனார்.

அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"தம்பி, கரிக்கிறது வேற, பருப்ப வேகவிடாதது வேறன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீக. அவுககிட்ட ஏன் சொல்லல?"