கரி லாரியும் மாரப்பன் மாடுகளும்

பெட்ரோல் கிடைக்காத சண்டைக்காலம். லாரியின் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, அதன் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கரியில் ஓடும் லாரி பாதிப் பாரம்தான் இழுக்கும். தெரிந்தும், ஆசையில் கடலை மூட்டைகளை முழுப் பாரமாக ஏற்றினேன். ராசிபுரத்துக்கு முந்தைய மேட்டில் லாரி நின்றுவிட்டது.

பின்னால் காலி மாட்டுவண்டியோடு மாரப்பன் வந்தார். நான் லாரி வாங்கும்வரை இந்த வழியில் கடலை மூட்டைகளைச் சுமந்தது அவர் வண்டிதான். ஆனாலும் தாமாகவே மாடுகளை அவிழ்த்து வந்து, லாரியின் முன்னால் வடக்கயிற்றில் பூட்டினார்.

“பாதி மூட்டைய எறக்கிப் போட்ருங்க. மாடு தாங்காதுங்க.”

“மறுபடி ஏத்த ஆளுக்கு எங்கீங்க போறது? ஓட்டுங்க,” என்றேன் எரிச்சலோடு.

பாதி மேட்டில் கயிறு விறைத்தது. லாரி மாடுகளையும் இழுத்துக்கொண்டு பின்னால் உருண்டது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் ஒரு மாட்டின் முன்கால்கள் இரண்டும் முறிந்திருந்தன.

மாரப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அடுப்புல கரி போடுங்க சாமி. அணைஞ்சுறப் போகுது,” என்றார்.

போட்டேன். பிறகு பாதி மூட்டைகளை நானே இறக்கினேன். லாரி மாடுகள் இல்லாமலே மேடேறியது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.