இன்னிக்கு என்னா கொழம்பு?

ஒரு மனிதன் வீட்டில் என்ன சமைத்தான் என்பதை நாலு பேர் நடுவில் எதற்குச் சொல்ல வேண்டும்? சடையப்பனுக்குப் பல வருஷமாக இருந்த ஆத்திரம் இது. வெளியே சொன்னால் அற்பமாகத் தெரியுமென்று சொல்லாமலே வைத்திருந்தார். உள்ளே வைத்து வைத்து அது பெருத்துப் போயிருந்தது.

ஆத்திரத்துக்குக் காரணம் தனகோட்டி. முத்தாண்டிக்குப்பத்து ஆள். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் நிலக்கரியை அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவர்தான் மூத்தவர். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்புவார். தனகோட்டி இந்தப் பக்கம் திரும்புவார்.

"சரி, இன்னிக்கு என்னா கொழம்பு? ஒவ்வொருத்தரா சொல்லிகினு வாங்க."

"கருவாட்டுக் கொழம்பு. பங்கு கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்பாள் கலியம்மாள்.

"சாம்பாருங்க" என்பான் ஒருவன்.

"சாம்பாரா? நேத்து நம்ம பம்பு எறச்ச தண்ணி மாதிரி இருக்குமே, அதுவா?"

எல்லோரும் சிரிப்பார்கள். சடையப்பன் முறை வரும்.

"சோறு."

"சோறு சரிய்யா. மேல என்னா ஊத்தியாந்த?"

"தண்ணி."

மறுபடி சிரிப்பு. சடையப்பனின் மனைவி அம்சவல்லி முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்கு விடிவதற்கு முன்னாலேயே பண்ருட்டி பஸ் ஏறிவிடுவாள். முதல்நாள் சோற்றில் நீரை ஊற்றி, ஒரு வெங்காயத்தையும் போட்டு எடுத்து வருவது சடையப்பன் வழக்கம். அதில் அவமானம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் சிரிக்கிறார்களே!

வேலையோ சிரிக்கிற வேலையில்லை. அள்ள அள்ளப் பெல்ட் கொட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கரியும் தண்ணீரும் குழைந்து முழங்கால் வரைக்கும் சேறு. அந்தச் சேற்றுக்குத் தனகோட்டி 'அல்வா' என்று பெயர் வைத்திருந்தார். யாராவது மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சலித்துக்கொண்டால், "கொட்டறது அது வேல, அள்ளறது நம்ம வேல. ரெண்டு பேரும் மொறச்சிகினு நின்னா ஷிப்டு ஓடுமா?" என்பார். சொல்லிவிட்டு, இருப்பதிலேயே மோசமான இடத்தில் தானே இறங்குவார். அதனால் அவர் பேச்சுக்கு யாராலும் கோபப்பட முடியவில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் சடையப்பன், "ஒன்னும் எடுத்தாரல" என்றார். அன்று தனகோட்டி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அனலாக இருந்தது. பேசாமல் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, மேலே ஈரமில்லாத இடத்துக்கு அனுப்பிவைத்தார். சாப்பாட்டு வேளையில் எல்லா டப்பாவிலிருந்தும் ஒரு கை சோறு சடையப்பனுக்கு வந்தது. கலியம்மாளின் கருவாடு உட்பட.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. வீட்டில் சண்டையென்றால் ஆள் பன்னு கொண்டு வருவான். உடம்பு முடியாதவன் ரசம் என்பான். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஓட்டல் பொட்டலம். குழம்பைக் கேட்டுத்தான் தனகோட்டி யாரை எந்த வேலைக்கு விடுவதென்று முடிவு செய்துகொண்டிருந்தார். புரிந்தது என்பதற்காக ஆத்திரம் போய்விடுமா? ஒருநாள் சடையப்பன் நேராகவே கேட்டார்.

"ஏண்ணே, இத தனியா கூப்புட்டு கேக்கக் கூடாதா?"

"தனியா கேட்டா வெசாரணைய்யா. எல்லாரையும் நிக்க வச்சி கேட்டா வெளையாட்டு. இந்த ரெண்டுல நீ எதுக்கு வாயத் தொறப்ப?"

சடையப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பெல்ட் பக்கம் போய்விட்டார். அந்தக் கேள்வியும் ஆத்திரத்தோடு சேர்ந்துகொண்டது.

தனகோட்டிக்கு வயது அறுபது ஆனது. நெய்வேலியில் பர்மனென்ட் ஆள் ஒருவர் ரிடையர் ஆனால் மாலை, மேளம், கார் என்று குவார்ட்டர்ஸ் வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தப் பழக்கமில்லை. கேட்டில் பாஸைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்க வேண்டியதுதான்.

"அவரு அப்படி தலைய தொங்கப் போட்டுகினு போவக் கூடாது" என்று சொன்னது யார் தெரியுமா? சடையப்பன்தான். சொன்ன பிறகு அவருக்கே திகைப்பாக இருந்தது.

"அப்ப நீங்களே ஏற்பாடு பண்ணுங்க மாமா" என்றாள் கலியம்மாள். "ரகசியமா இருக்கணும். உங்க வாயிலேருந்து சேதி வெளிய வர்றதுக்குள்ள அவரு ரெண்டாவது வாட்டி ரிடையர் ஆயிடுவாரு."

பேண்டு மேளம், ரோஜா மாலை, ஒரு டெம்போ. தனகோட்டியின் மனைவி தனத்திடம் போய் விருந்துக்கும் சொல்லியாகிவிட்டது. தன் கல்யாணத்துக்குக்கூட சடையப்பன் இப்படி அலைந்ததில்லை.

கடைசி நாள் காலை ஷிப்ட் முடிந்தது. மேளத்தைத் தயாராக நிறுத்த வேண்டுமென்று சடையப்பன் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் முதல் ஆளாகக் கேட்டுக்கு ஓடிவந்தார். அங்கேதான் கோளாறு. மேளக்காரர்கள் வெளியூர், தனகோட்டியைப் பார்த்ததில்லை. அடையாளம் சொல்லி வைக்கவும் இவருக்குத் தோன்றவில்லை. கேட்டைத் தாண்டியதும் மாலை இவர் கழுத்தில் விழுந்தது. டிரம் அதிர்ந்தது. இரண்டு பேர் இவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"யோவ், எறக்குய்யா! நான் இல்லய்யா!"

"கூச்சப்படாதீங்க பெரியவரே!" என்றான் டிரம் அடிப்பவன். பிறகு விசாரித்தபோது, "இவ்ளோ துக்கமா ஒருத்தர் வந்தாரு. கடைசி நாளுன்னுதான நெனைப்போம்?" என்றான்.

பின்னால் வந்த ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தனகோட்டியைத்தான் காணோம். கேட்டிலிருந்து சுதாகர் ஓடிவந்தான். அடுத்த ஷிப்டுக்கு வந்த பையன்.

"தனகோட்டி மாமா உள்ளயே நின்னுட்டாரு. ஷிப்ட மாத்தி வுடறப்ப என்னா கொழம்புன்னு கேட்டாரு. சாப்புடல, பொண்டாட்டிக்கு வலி எடுத்து பண்ருட்டி ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னேன். என் ஷிப்ட அவரே பாக்கறேன்னு சூப்பர்வைசருகிட்ட சொல்லிட்டு என்னெ தொரத்தி வுட்டாரு."

சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். சடையப்பன் தோளிலிருந்தபடியே போன் போட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகு தனகோட்டி எடுத்தார்.

"என்னாண்ணே பண்ணிகினு இருக்க? இங்க மேளம் நிக்குது! மாலை என் கழுத்துல கெடக்குது!"

அந்தப் பக்கம் பெல்ட் இரைச்சலையும் மீறிச் சிரிப்பு கேட்டது. "ஏதோ நடக்குதுன்னு தெரியும்யா. மூணு நாளா நீ என்னெ பாத்து சிரிச்சிகினு இருந்தியே."

"வெளாடாதண்ணே. ஒரு நாளு, ஒரே நாளு, உன்ன ராஜா மாதிரி கொண்டும்போயி எறக்கணும்னு பாத்தேன். இந்த மேளம் சாயங்காலம் வேற கல்யாணத்துக்குப் போவுது."

குரல் உடைந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. தனகோட்டி பெல்ட்டை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும். இரைச்சல் குறைந்தது.

"சடையப்பா, நான் சொல்றத கேளு. அந்த மேளம் எனக்கு கேட்டுப் போச்சு. போன்லயே கேட்டேன். போதும்யா. வூட்ல தனம் காலையிலேருந்து அடுப்புல நிக்குது. பேரப்புள்ளைங்க வாசல்ல மேளத்துக்குக் காத்துகினு இருக்கும். நான் வர ராத்திரி ஆவும். அதுங்கள ஏமாத்தலாமா?"

"அதுக்கு?"

"மாலையக் கழட்டாத. டெம்போல ஏறு. எல்லாரையும் கூட்டிகினு என் வூட்டுக்கு மேளத்தோட போ. தெருமுனையில எறங்கி ஆடிகினு போ. தனம் ஆரத்தி எடுத்தா நின்னு வாங்கிக்க. மொத எலையில நீயே உக்காரு."

"நானாண்ணே? ஆடறதா?"

"நீதான்யா. அப்புறம் ஒன்னு, மொகத்த கழுவிகினு போ. புள்ளைங்க பயந்துக்கும்."