ஓடைக்கு அப்புறம் ஏன் நின்றாய்?

1. துண்டுத் தாள்

“பிள்ளைங்களே ஒருத்தனுக்கொருத்தன் திருத்திக்கறதுன்னா உமக்கு எதுக்கய்யா சம்பளம்?” என்று ஹெட்மாஸ்டர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் நான் தமிழாசிரியன். வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு. சிவப்பு மையால் மாய்ந்து மாய்ந்து திருத்திக் கொடுத்தால், பயல்கள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒருவனுடைய ரஃப் கட்டுரையை மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். பிழை திருத்தக் கூடாது. மனதில் எழுகிற கேள்வியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் தர வேண்டும். எழுதியவன் அதற்குப் பதில் சேர்த்து ஃபேர் காப்பி எழுதுவான். ‘திருவிழாவில் என்ன தின்றாய்?’, ‘உங்கள் மாட்டுக்குப் பேர் இல்லையா?’ என்றெல்லாம் கேட்டுத் துளைத்தார்கள். கட்டுரைகளுக்கும் உயிர் வந்தது.

‘எங்கள் ஊருக்குப் போகும் வழி’ என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். மாதையன் ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரத்துப் பையன். ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். சனிக்கிழமையானால் காட்டுவழியாக நடந்து அம்மாவைப் பார்க்கப் போவான். அவன் கட்டுரையில் புளியமரம், பாறை, ஓடை எல்லாம் வரிசையாக வந்தன. அதற்கு வந்த மூன்று துண்டுத் தாளிலும் ஒரே கேள்வி இருந்தது: ‘ஓடைக்கு அப்புறம் ஏன் நின்றாய்?’

கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நின்றதாக அவன் எழுதவே இல்லை. ‘ஓடையைத் தாண்டினேன். வீட்டுக்குப் போனேன்.’ அவ்வளவுதான் இருந்தது.

2. ஆறு பேர்

“காப்பியாடா அடிச்சீங்க?” என்று மூவரையும் பெஞ்சு மேல் ஏற்றினேன். நஞ்சப்பா என்கிற கன்னடப் பையன் அழுதுவிட்டான்.

“தேவராணை இல்ல சார்! படிச்சிக்கினே வந்தா அந்த எடத்துல நாமளே நின்னுபோறோம் சார். நான் என்னா பண்றது?”

“கதையா அளக்கறே?” என்று கத்திவிட்டு, மாதையனோடு பழக்கமில்லாத மூன்று பேரைப் பக்கத்து செக்‌ஷனிலிருந்து வரவழைத்தேன். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து படித்தார்கள். வெளியே பட்டப்பகல் வெயில். உள்ளே பேச்சு மூச்சில்லை. அவர்கள் கொடுத்த தாள்களில் வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. கேள்வி அதேதான். மாதையனைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா மாதையா, அங்க நின்னியா?”

“ஆமாங்க சார். பின்னாடியிருந்து பேரு சொல்லிக் கூப்பிடுது. காட்டுல மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்பணும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. மனுசன்தான் மூணாவது தடவ கூப்பிடுவானாம். இது ரெண்டோட நின்னுபோவுது சார். நானும் திரும்பாம போயிருவேன்.”

பெஞ்சு மேல் நின்றபடியே நஞ்சப்பா கேட்டான்: “கொரலு யாருது?”

மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். “எங்கப்பன் கொரலு மாதிரி இருக்குது.”

“எந்தப் பக்கமிருந்து?”

“எடது பக்கம். கீழயிருந்து.”

அவன் அப்பா முந்தின வருஷம் மாடு தேடிக் காட்டுக்குள் போனவர். மாடு தானாக வீடு வந்தது. அவர் வரவில்லை. மைசூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. அந்த ஏச்சுக்குப் பயந்து அவன் அம்மா ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணிக்குப் போவாளாம்.

3. குழி

அந்தச் சனிக்கிழமை ஃபாரஸ்ட் கார்டையும் ஊர்க்காரர் சிலரையும் கூட்டிக்கொண்டு மாதையனோடும் அவன் அம்மாவோடும் நானும் போனேன். ஓடைக்கு இடப்பக்கம் உண்ணிப் புதர் மண்டிக் கிடந்தது. வெட்டி விலக்கினால், யானை பிடிக்க எப்போதோ வெட்டிய பழைய குழி. அடியில் எலும்புகளும் துருவேறிய ஒரு கொடுவாளும் கிடந்தன. கொடுவாளின் பிடியைப் பார்த்ததும் அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.

“ஓடிப்போயிட்டான்னு சொன்னீங்களே பாவிங்களா! கூப்பிடு தூரத்துல கெடந்திருக்கானே!”

ஊர்க்காரர்கள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து மாதையன் பள்ளிக்கு வந்தான். நடந்ததை எல்லாம் சேர்த்துக் கட்டுரையைப் புதிதாக எழுதிக் கொடுத்தான். பழைய மூவரிடமே படிக்கக் கொடுத்தேன். இரண்டு பேர் சாதாரணமாக ஏதோ கேட்டிருந்தார்கள். நஞ்சப்பாவின் தாளில் இப்படி இருந்தது: ‘முதல் தடவை கூப்பிட்டது எப்போது?’

அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். அப்பா காணாமல் போன அந்த வாரமே குரல் கேட்டிருந்தால்? அப்போது குழிக்குள் கிடந்து கூப்பிட்டது உயிரோடு இருந்த மனுஷன் அல்லவா? மூன்றாவது தடவை கூப்பிட அவருக்குத் தெம்பு இல்லாமல் இருந்திருக்கலாம். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளை மாற்றி மாற்றிப் படிக்க வையுங்கள். நம் கண்ணுக்குப் பிழைதான் படும். அவர்கள் எழுதினவன் கூடவே நடந்து போவார்கள். ஆனால் கேள்வித் தாள்கள் உங்கள் கை வழியாகவே போகட்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டியதில்லை.

மாதையன் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

“நஞ்சப்பா ஒண்ணும் கேக்கலீங்களா சார்?”

“இல்லடா. நல்லா இருக்குன்னுட்டான்.”

அவன் என் சட்டைப் பையையே பார்த்தான்.

“கேட்டிருப்பான் சார்” என்று சொல்லிவிட்டு, தன் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான்.