அண்ணா வேலையை விட்டவர் அல்லர்

எங்கள் அண்ணா பாலையூற்றில் பிறந்தார், பாலையூற்றிலேயே கண்மூடினார். இடையில் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். நினைவு மலரில் அமைதியாக எழுதும்படி பங்குத் தந்தை சொன்னார். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அண்ணாவுக்கு மீசை அரும்பும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவையும் தங்கைகள் மூவரையும் காப்பாற்ற அண்ணா துறைமுக வாசலுக்குப் போனார். நாடு சுதந்திரம் பெற்ற புதிது அது. அந்த வாசலில் தினமும் காலையில் கங்காணி எண் பொறித்த தகரத் துண்டுகளைக் கூட்டத்துக்குள் அள்ளி எறிவார். துண்டைப் பொறுக்கியவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடிபடுவதை அதிகாரிகள் மாடியில் நின்று பார்த்துச் சிரிப்பார்களாம். கோழிக்குத் தீனி போடுபவர்கூட அப்படிச் சிரிக்கமாட்டார்.

அந்தத் தள்ளுமுள்ளில் அண்ணாவின் சுண்டுவிரல் ஒடிந்தது. மிதித்தவர், பின்னாளில் அவருடைய உயிர் நண்பரான கிண்ணியாக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். செத்த வீட்டில் அவரே என்னிடம் சொன்னார்.

"மிதிச்சது என்ட கால்தான் தங்கச்சி. உங்கட அண்ணன் என்னை ஏசயில்ல. 'காக்கா, இனி எறிஞ்சா ஒருத்தரும் எடுக்கப்படாது' எண்டார். 'பிள்ளைகள் பசியில கிடக்க ஏலுமா?' எண்டு கேட்டன். 'என்ர வீட்டிலயும் நாலு வாய் பாத்துக்கொண்டிருக்கு. எண்டாலும் எடுக்கப்படாது' எண்டார்."

அண்ணா இங்கேயும், காக்கா கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் வீடுவீடாகப் போய்க் கதைத்தார்கள். அடுத்த முறை துண்டுகள் எறியப்பட்டபோது ஒருவரும் குனியவில்லை. படகில் வந்திறங்கிய கிண்ணியாக்காரரிடம் கங்காணி, "இவங்களுக்கு வேலை வேண்டாமாம், நீங்கள் எடுங்கோ" என்றார். அவர்களும் அசையவில்லை. கப்பல் சரக்கோடு காத்துக் கிடந்தது. கடைசியில், முறைப்படி பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கச் சம்மதித்தார்கள்.

சங்கம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு குடிதண்ணீர் வந்தது, வேலை நிரந்தரமானது, காயப்பட்டால் நட்டஈடு, சம்பளத்தோடு லீவு என்று ஒவ்வொன்றாகப் போராடி வாங்கினார்கள். யாரும் இரங்கித் தரவில்லை. அதே சம்பள லீவை எடுத்துக்கொண்டு செத்த வீட்டுக்கு வந்த ஒருவர், "யூனியன் என்னத்தைக் கிழிச்சது?" என்று முற்றத்தில் இருந்து கதைத்தார். உறவினர் என்பதால் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

விலைவாசி ஏறியபோது நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. அண்ணாவும் நின்றார். நின்றவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுவிட்டதாக மேலிடம் அறிவித்தது. எவ்வளவு பெரிய பொய். மன்னிப்புக் கேட்ட சிலரை மட்டும் திரும்ப எடுத்தார்கள். அண்ணாவின் மனைவி, எங்கள் மச்சாள், "ஒருக்கால் கேளுங்கோவன்" என்று அழுதார்.

"என்ன குற்றத்துக்கு எண்டு சொல்லும், கேக்கிறன்" என்றார் அண்ணா.

அதன்பின் விறகுக் கடையில் கோடரி பிடித்தார். நெஞ்சுவலி வந்தது அங்கேதான். பார்க்க ஒரு அதிகாரியும் வரவில்லை.

இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு தந்த அயலவருக்கும், மழையில் பெட்டி சுமந்த கிண்ணியாக் காக்காவுக்கும் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

துறைமுகத்திலிருந்து மலர்வளையத்தோடு வந்த அதிகாரி ஐயாவுக்கு நன்றி சொல்லமாட்டோம். அவர் பெட்டியருகே நின்று, "நல்ல மனுசன். அவசரப்பட்டு வேலையை விட்டிட்டார்" என்றார். மச்சாள் அழுகையை நிறுத்தினார்.

"அவர் விடயில்லை ஐயா. நீங்கள்தான் வேலையால கலைச்சனீங்கள்."

மலர்வளையத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினோம்.