மூன்று வகைப் பரவாயில்லை

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவர் 'நிலவரம்'. எனக்கு நிலவரம் மாமா.

சுற்றுலா பஸ் விடுகிற ஓர் ஆபீசின் விசாரணை மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆபீசுக்கு ஒரே வழித்தடம்தான். மலை மேலே ஏரியும் பூந்தோட்டமும் குதிரைச் சவாரியுமாக ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே போய் வருகிற பஸ். மழைக் காலத்தில் அங்கே மண் சரியும், லீவு நாட்களில் கூட்டம் பிதுங்கும். ஆகவே டிக்கெட் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "இப்ப அங்க போகலாங்களா?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வதுதான் மாமாவின் உத்தியோகம். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். காலை ஒன்பது மணிக்கு அதில் மூன்று வார்த்தைகளில் ஒன்றை எழுதுவார்: போகலாம், யோசிக்கலாம், வேண்டாம். எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஷட்டரைத் தூக்கியதும் என் கண் போவது அந்தப் பலகைக்குத்தான்.

இத்தனை பேரை மலைக்கு அனுப்பிய மனிதர் அந்த மலையில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. பஸ் ஒரு வளைவு திரும்பினாலே அவருக்கு வயிற்றைப் புரட்டிவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்வார். பிறகு எப்படி நிலவரம் தெரிகிறது என்றால், எல்லாம் போனில்தான். மேலே பஸ் நிலையத்துக்கு எதிரில் பேக்கரி வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு எட்டே முக்காலுக்குப் போன் போடுவார். ரோடு எப்படி, மழை எப்படி, கூட்டம் எப்படி என்று மூன்று கேள்வி. அந்த அம்மா அடுப்பில் பன் கருகிவிடுமே என்ற அவசரத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் தருவார்.

"பரவாயில்லை."

ஆரம்பத்தில் மாமா தலையைப் பிய்த்துக்கொண்டாராம். அப்புறம் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கேள்வி முடியுமுன் டக்கென்று வந்தால் அது முதல் வகை, போகலாம். முன்னால் ஒரு 'ம்ம்' ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டாம் வகை, யோசிக்கலாம். "பரவா...யில்லைங்க" என்று நடுவில் இழுத்து, கடைசியில் மரியாதையும் சேர்ந்தால் மூன்றாம் வகை. அன்றைக்கு பஸ் கிளம்பவே கூடாது.

"அந்தம்மா மரியாதை குடுத்தா, மேல மண்ணு விழுதுன்னு அர்த்தம் மாப்ளே" என்பார்.

யார் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்று நானும் சிரித்தவன்தான். ஒரு நாள் வெயில் பளிச்சென்று அடிக்க, டிவியும் வானம் தெளிவு என்று சொல்ல, மாமா பலகையில் 'வேண்டாம்' என்று எழுதினார். மேனேஜர் தையா தக்காவென்று குதித்தார். பதினோரு மணிக்கு எட்டாவது வளைவில் பாதி ரோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மேனேஜர் அந்தச் சாக்பீஸைத் தொடுவதில்லை.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்ட என் அக்காவும் அந்த மலையைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். ஆசிட் பாட்டிலை எண்ணெய் பாட்டில் மாதிரி அலட்சியமாகத் தூக்குவாள். ஆனால் மலைக்குப் போகலாமா என்று வாயைத் திறந்தால் போதும், மாமாவிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஒரு வருஷம் பனி. ஒரு வருஷம் கூட்டம். ஒரு வருஷம் அட்டைப்பூச்சி. போன வருஷம் குரங்கு. அதே வாரம் பலகையில் ஏழு நாளும் 'போகலாம்' என்றுதான் இருந்தது. ஊரை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் குரங்கு என் அக்காவை மட்டும் தேடி வந்து கடிக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

இந்த வருஷம் அவள் ஓய்வு பெற்றாள். கூட வேலை பார்த்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் மலைக்குப் போவதாக முடிவாயிற்று. அக்கா மாமாவிடம் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கிளம்பறோம். உங்க பஸ்லதான்."

மாமாவுக்குப் புரையேறியது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆபீஸ் பெஞ்சில் எட்டுப் பெண்கள், வெளியே முப்பது பேர். எட்டே முக்காலுக்கு மாமா போனை எடுத்தார். அந்த அம்மாவின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும்.

"ரோடு எப்படிங்க? மழை..."

"பரவாயில்லை."

டக்கென்று வந்தது. கலப்படமே இல்லாத முதல் வகை. நான் பையை எடுத்தேன். மாமா போனை வைக்கவில்லை.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. மேகம் கீகம்?"

"பரவாயில்லை சார்."

மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார்னு சேத்துட்டாங்க மாப்ளே. கவனிச்சியா?"

மூன்றாவது தடவை ரோட்டைக் கேட்டார். நாலாவது தடவை குரங்கைக் கேட்டார். ஐந்தாவது தடவை அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, பரவா...யில்லைங்க!"

மாமா போனை வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நேரே வாசலுக்குப் போய்ப் பலகையில் பெரிதாக 'வேண்டாம்' என்று எழுதினார். வெளியே முப்பது பேரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். ஒரு புதுப் பெண்டாட்டி அழவே ஆரம்பித்துவிட்டாள். உள்ளேயிருந்து மேனேஜர் ஓடி வந்தார், ஆனால் எட்டாவது வளைவு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

அக்கா மெதுவாக எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, அந்தம்மா முதல்ல சொன்னது எத்தனாவது வகை?"

மாமாவிடம் ஆயிரம் குறை சொல்லுவேன். நிலவரத்தில் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை. சாக்பீஸை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"முதல் வகை."

"ஊருக்கெல்லாம் முதல் பதில், எனக்கு மட்டும் அஞ்சாவது பதிலா?"

"இத்தனை வருஷமா இதுல ஏறிப் போனவங்க யாரும் என் பொண்டாட்டி இல்லையே" என்றார் மாமா. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தான். எங்கேயுமே போகாம முடிஞ்சிடுமோன்னு."

இவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா பலகைப் பக்கம் திரும்பினார். துணியை எடுத்துத் துடைத்தார். 'போகலாம்' என்று எழுதினார். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு கோணலாக அவர் எழுதியதில்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்று, கையை வெளியே நீட்டாதே, தலையை நீட்டாதே, குரங்கிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா தன் வீட்டுக் குளியலறையில், தன் சொந்தச் சோப்பில் கால் வைத்து வழுக்கி விழுந்தார்.

பாதத்தில் எலும்பு விரிசல். நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து நாற்காலியில் சாய்த்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபோது பன்னிரண்டு மணி. அக்கா கூப்பிடுகிற நேரம்.

"சொல்லிடாத மாப்ளே. சொன்னா அடுத்த பஸ்ல இறங்கி வந்துடுவா. இன்னும் ஏரியைக்கூடப் பாத்திருக்க மாட்டா."

"அப்ப என்ன சொல்லுவீங்க?"

"பரவாயில்லைன்னு சொல்றேன். முதல் வகை."

ஒத்திகை நடந்தது. முதல் தடவை முன்னால் ஒரு 'ம்ம்' வந்துவிட்டது. இரண்டாம் தடவை நடுவில் இழுத்துவிட்டார். வலிக்கும்போது டக்கென்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆறாவது தடவை சுத்தமாக வந்தது. போனும் அடித்தது.

"வீட்ல நிலவரம் எப்படி?" என்றாள் அக்கா.

"பரவாயில்லை!"

பிரமாதம். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"இருங்க, நான் பேக்கரியிலதான் இருக்கேன். ஸ்பீக்கர்ல போடறேன். அந்தம்மா உங்ககிட்ட பேசணுமாம்."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "என்ன சார், இன்னிக்கு நான் கேக்கறேன். வீடு எப்படி? சாப்பாடு எப்படி? உடம்பு எப்படி?" என்றார். பத்தொன்பது வருஷப் பழக்கம், அந்த அம்மாவிடம் மாமாவுக்கு மரியாதை இல்லாமல் பேச வராது. காலும் அந்த நேரம் பார்த்துச் சுரீர் என்றது.

"பரவா...யில்லைங்க."

அடுத்து வந்தது அக்காவின் குரல்.

"போனைத் தம்பிகிட்ட குடுங்க."

அக்கா அந்தக் குரலில் பேசினால் நான் எட்டு வயதுப் பையன் ஆகிவிடுவேன். சோப்பு முதல் கட்டு வரை ஒப்பித்துவிட்டேன். மாமா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"வராத. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ ஏரியைப் பாத்துட்டு வா. என்மேல சத்தியமா வராத."

"நான் எங்கங்க வர்றேன்னு சொன்னேன்? மூணு மணிக்குப் படகு. காலைத் தொங்கப் போடாதீங்க. ஈரத் தரையில நடக்காதீங்க. தம்பி அங்கயே படுத்துக்கட்டும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "வர மாட்டாளாம் மாப்ளே" என்று மூன்று தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து சேர்ந்தாள். பையை வைத்தாள், கட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள், மாமாவின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குளியலறைக் கதவில் 'யோசிக்கலாம்' என்று எழுதினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

மாமாதான் முதலில் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். முகம் மட்டும் இன்னும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை.

"பரவாயில்லை" என்றாள்.

டக்கென்றும் வரவில்லை, 'ம்ம்' இல்லை, இழுவை இல்லை. எனக்கு வகை பிடிபடவில்லை. மாமா அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, பஸ்ல வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை இருக்காமே, அது எந்தக் கடையில கிடைக்கும்?"