சிவப்பு டேப் சுற்றிய வயர்

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்தி. பைக் மெக்கானிக்தான், ஆனால் வண்டியைத் தொடுவதற்கு முன் பாடம் நடத்திவிடுவான். டயர் மொட்டையாக இருந்தால் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டைலாக வருகிறவனிடம், பின்னால் வருகிறவனை முதுகால் பார்ப்பாயா என்று கேட்பான். பிரேக் சரியில்லாத வண்டியைச் சாவியோடு பிடித்து வைத்துக்கொள்வான். பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கும் எனக்குக் காது புளித்துப்போகும்.

அவன் தங்கச்சி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள். ஒருநாள் காலை, கியர் போட்டாலே வண்டி அணைகிறது என்று வந்து நின்றாள். சைடு ஸ்டாண்டைப் போட்டபடி யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஸ்டாண்டு கீழே இருந்தால் அது இன்ஜினை நிறுத்திவிடும். அதில் சேறு ஏறி, ஸ்டாண்டை எடுத்த பிறகும் நிறுத்திக்கொண்டிருந்தது. புது சுவிட்ச் சாயங்காலம்தான் வரும். அவளுக்கோ ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும்.

வாத்தி அந்த சுவிட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று நேராக முறுக்கினான்; இனி ஸ்டாண்டு கீழே இருந்தாலும் வண்டி ஓடும். சுற்றுவதற்கு டேப் கேட்டான். சிவப்பு டேப்பை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

"சாயங்காலம் கொண்டா, புதுசு மாட்டித் தரேன். அதுவரைக்கும் ஸ்டாண்டை எடுக்க மறக்காத."

"நீ இருக்கும்போது எனக்கென்னண்ணே," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

வண்டி ஓடியது. ஓடுகிற வண்டியை யார் திரும்பக் கொண்டுவருவார்கள்? புது சுவிட்ச் டப்பாவோடு மேசை இழுப்பறைக்குள் போனது. அவளும் மறந்தாள், அவனும் மறந்தான், நானும்தான்.

மூன்று வாரம் கழித்து, போன் வந்ததென்று சாலையோரம் நிறுத்திப் பேசியிருக்கிறாள். பேசி முடித்து அப்படியே கிளம்பியிருக்கிறாள். இடதுபக்கம் திரும்பியதும் ஸ்டாண்டு தரையில் இடித்துத் தூக்கிப் போட்டது. ஹெல்மெட் போட்டிருந்தாள். பின்னால் வந்தது லாரி.

துக்க வீட்டில் எல்லோரும் அவளுடைய மறதியைத்தான் பேசினார்கள். ஆயிரம் தடவை சொன்னேன், கேட்கவில்லையே என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். மகள் அழவே இல்லை. கொஞ்சம் பார்த்துப் போயிருக்கலாம் அல்லவா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தி வாய் திறக்கவில்லை. பிறகு கடையில் என்னிடம் சொல்லி அழுதபோது, நடந்தது நடந்துவிட்டது, குடும்பத்தை உடைக்காதே என்று பெரிய மனுஷன் மாதிரி புத்தி சொன்னேன். என்னுடைய பயம் எனக்கு. அதன் பிறகு அவன் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. மொட்டை டயர்கள் அவை பாட்டுக்கு வந்துபோயின.

எட்டு மாதம் கழித்து அந்த வண்டியை மகளே தள்ளிக்கொண்டு வந்தாள். காலேஜுக்குப் போக வேண்டும், சரிபண்ணிக் கொடுங்கள் என்றாள்.

"பயப்படாதீங்க மாமா. நான் அம்மா மாதிரி இல்ல. ஸ்டாண்டை மறக்க மாட்டேன்."

வாத்தி குனிந்து, வயரை வெளியே இழுத்துக் காட்டினான். டேப் நிறம் மங்காமல் இருந்தது.

"அம்மா மறந்தது நிஜம்தான், பாப்பா. மறந்தா வண்டி நிக்கணும். அதை நிக்கவிடாம பண்ணினது நான்."

அவளுக்குப் புரிய நேரமானது. அவன் இன்னொரு முறை மெதுவாக விளக்கினான். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"இத்தனை நாளா அம்மா மேலதான் கோவமா இருந்தேன் மாமா," என்றாள். அப்போதுதான் அழுதாள். சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டாள். இன்றுவரை வரவில்லை.

இழுப்பறையில் கிடந்த சுவிட்சை அன்றே மாட்டிவிட்டான். தினமும் கடை திறந்ததும், ஸ்டாண்டைப் போட்டபடியே அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து கியர் போடுகிறான். இன்ஜின் நின்றுவிடுகிறது. மறுபடியும் ஸ்டார்ட் செய்கிறான்.